கேட் கீப்பருக்குத் தூக்கம் வராது

அண்ணாச்சி, அந்தப் போனை மட்டும் கொஞ்சம் சத்தம் குறைச்சு வச்சிக்கிடுங்க. தப்பா நினைச்சுக்கிடாதீங்க. இந்தா, என் பக்கத்துல செவுத்துல சாஞ்சு உக்காந்திருக்காள்லா, என் வீட்டுக்காரி செண்பகம், அவ தூங்குதா. கண்ணசந்து பத்து நிமிஷம் ஆவுது. இருபத்தாறு நாளைக்குப் பொறவு இப்பதான் இப்படிக் கண்ணை மூடியிருக்கா, அதான் சொல்லுதேன். பையப் பேசுவோம்.

உக்காருங்க, பெஞ்சில எடம் இருக்கு. உங்க டோக்கன் என்ன? பத்தொம்பதா. எங்களுக்குப் பன்னெண்டு. இப்பதான் அஞ்சாவது ஆளு உள்ள போயிருக்கு. புதன்கிழமைன்னா இப்படித்தான், தடுப்பூசி நாள்லா, சுத்துப்பட்டுப் பிள்ளைக அம்புட்டும் இந்த ஆஸ்பத்திரியிலதான் கெடக்கும். உங்க வீட்டுல பிள்ளைய எடை போட உள்ள போயிருக்காவளா? முதல் பிள்ளையா? நாப்பத்தஞ்சு நாள் ஊசி. நல்லது, நல்லது. எங்களுக்கும் இதுதான் முதல் பிள்ள. ரெண்டரை மாச ஊசிக்கு வந்திருக்கோம். இந்தா கையில கெடக்காள்லா, இவதான். இப்பம் நல்லா உறங்குதா. ஊசி போட்டதும் இருக்கு கச்சேரி.

நம்ம பேரு கோமதிநாயகம். ரயில்வேல கேட் கீப்பர். ஊருக்கு வடக்க, முள்ளுக்காட்டுப் பக்கம் ஒரு கேட் இருக்குல்லா, பைக்கை நிறுத்திட்டு எல்லாரும் என்னைய முறைப்பாவ, அந்தக் கேட்டுதான். பதினோரு வருஷம் ஆச்சு. ஒரு நாள், ஒரு நாள்கூட நான் டியூட்டியில கண்ணை மூடினது கிடையாது. சில பேருக்கு சுகர் இருக்கும், சில பேருக்கு பிரஷர் இருக்கும், நமக்குத் தூக்கம் வராது. உடம்பு வாகு அப்படி. நேத்து ராத்திரி டியூட்டி பாத்துட்டு காலையில ஆறு மணிக்கு எறங்கி, குளிச்சு, நேரா இங்க வந்திருக்கேன். என்னையப் பாத்தா அப்படித் தெரியுதா? கண்ணு செவப்பா இருக்கா? அது தூசி அண்ணாச்சி. ரோட்டுல ஜல்லி அடிச்சிருக்கான்லா, அந்தத் தூசி.

உங்களுக்கு எப்படி, வீட்டுல ஒத்தாசைக்கு ஆள் இருக்கா? கொடுத்து வச்சவரு நீங்க. எங்களுக்கு ரெண்டு பக்கமும் தாய் கிடையாது. அவ அம்மா அவ பத்தாவது படிக்கையிலேயே போயிட்டாவ. எங்கம்மா போயி ஆறு வருஷம் ஆவுது. அதனால பிரசவம் பாத்துட்டு நாலாம் நாள் வீட்டுக்கு வந்தப்ப, அவளும் நானும் பிள்ளையும், மூணே பேருதான். பதினஞ்சு நாள் லீவு போட்டேன். அந்தப் பதினஞ்சு நாளும் பிள்ளையப் பாக்க வந்தவங்களுக்குக் காப்பி போட்டே போச்சு. வந்தவங்க எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி ஒரே யோசனைதான் சொன்னாவ, பிள்ள தூங்குற நேரத்துல நீங்களும் தூங்கிருங்கன்னு. சொல்லிட்டு, அசந்து தூங்குற பிள்ளையத் தட்டி எழுப்பி, கண்ணு அப்பன் மாதிரி இருக்கான்னு பாத்துட்டுப் போனாவ.

என் மச்சான் ஒருத்தர் மஸ்கட்ல இருக்காரு. இவளுக்கு அண்ணன், வேலாயுதம்னு பேரு. தங்கச்சிக்குத் தாய் இல்லையேன்னு பாசத்துல ஒரு பெரிய பெட்டி அனுப்பி வச்சாரு. பிரிச்சுப் பாத்தா மெத்தை. என்ன மெத்தைங்கீங்க, கையை வச்சா மணிக்கட்டு வரைக்கும் உள்ள போவுது. சுத்தி ஜாலர். ஒரு தலையணை, ரெண்டு பக்கம் ரெண்டு உருட்டுத் தலையணை, மேல குடை மாதிரி விரிக்க கொசுவலை, பிள்ளைய விடப் பெருசா ஒரு கரடி பொம்மை. எல்லாத்தையும் போட்டு நடுவுல பிள்ளையக் கெடத்தினோம் பாத்துக்கிடுங்க, பிள்ள எங்க இருக்குன்னு தேட வேண்டியதா இருந்துச்சு. பத்தாததுக்கு எதுத்த வீட்டு அக்கா ஒரு கடுகுத் தலையணை தச்சுக் கொண்டாந்தாவ. கடுகு நெரப்பினதுல படுத்தாத்தான் தலை உருண்டையா வருமாம். அதையும் வச்சோம். யாரு மனசையும் நோகடிக்கப்படாதுல்லா.

இருபதாம் நாளு எஸ்தர் நர்ஸம்மா வீட்டுக்குப் பாக்க வந்தாவ. அன்னா உள்ள ஊசி போடுதாவள்லா, கண்ணாடி போட்டவங்க, அவங்கதான். வாசல்ல செருப்பைக் கழத்தினாவ, மெத்தையப் பாத்தாவ, இடுப்புல கைய வச்சிட்டாவ.

"இது என்னதுப்பா, பிள்ள தூங்குத எடமா, கல்யாண மேடையா?"ன்னாவ.

கேட்டுட்டு ஒவ்வொண்ணா எடுத்து வெளிய வச்சாவ. கரடி போச்சு. உருட்டுத் தலையணை போச்சு. கடுகுத் தலையணையும் போச்சு, எதுத்த வீட்டு அக்கா ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருக்காவ. கடைசியில மெத்தையவே சுருட்டிட்டாவ. பாயை விரிக்கச் சொல்லி, அது மேல ஒரு போர்வையச் சுருக்கம் இல்லாம இறுக்கி மடிச்சுப் போட்டு, பிள்ளைய மல்லாக்கப் படுக்க வச்சாவ. "பிள்ள படுக்கிற எடத்துல பிள்ள மட்டும்தான் இருக்கணும். எப்பவும் மல்லாக்கத்தான் போடணும். உங்க பக்கத்துலயே இருக்கட்டும், ஆனா தனியாப் படுக்கட்டும். மூக்குக்கிட்ட மெத்துன்னு எதுவும் இருக்கப்படாது. இந்த வயசுல பிள்ளைக்கு மூஞ்சியைத் திருப்பத் தெரியாது"ன்னாவ. எனக்கு அது சட்டுனு புரிஞ்சு போச்சு. தண்டவாளத்துல ஒண்ணும் கெடக்கப்படாதுல்லா, அது மாதிரி. நானே செண்பகத்துக்கு விளக்கிச் சொன்னேன்.

அதோட நிறுத்தியிருந்தா நல்ல மனுஷின்னு சொல்லியிருப்பேன். திரும்பி என்னையப் பாத்தாவ. நான் அதுக்குள்ள பிள்ளையப் பாயில இருந்து தூக்கி, சாய்வு நாற்காலியில உக்காந்து நெஞ்சு மேல போட்டிருந்தேன். "அப்பா, நீங்க முழிச்சிருக்கும்போது இப்படி வச்சிருக்கது நல்லதுதான். ஆனா இப்படியே தூங்கிராதீங்க. நாற்காலி, சோபா, இதுல எல்லாம் பிள்ளைய வச்சிக்கிட்டு அசந்துட்டா ரொம்ப ஆபத்து. தூக்கம் வந்தா உடனே பிள்ளைய பாயில போட்டுருங்க"ன்னாவ. யாருகிட்ட சொல்லுதாவ பாருங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "நர்ஸம்மா, நான் கேட் கீப்பர். என்னைய நம்பி ஒரு நாளைக்கு எத்தனை வண்டி போவுது தெரியுமா"ன்னேன். "வண்டிக்கு டிரைவர் இருக்காருப்பா, பிள்ளைக்கு நீங்கதான்"ன்னுட்டு பையைத் தூக்கிட்டுப் போயிட்டாவ. ரெண்டு நாளைக்கு அதையே சொல்லிச் சொல்லிப் புலம்பிக்கிட்டுத் திரிஞ்சேன்.

ஆனா ஒண்ணு அண்ணாச்சி, சொல்லுதது சுளுவு. பாயில போட்டா இவ அழுவா. ஊரு கூடுற அழுகை. தூக்கி நெஞ்சுல போட்டா ஒரு நிமிஷத்துல உறங்கிருவா. உங்க வீட்டுலயும் அப்படித்தானா? எல்லாப் பிள்ளையும் பேசி வச்சிக்கிட்டுதான் பொறக்குதுவ போல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால். பால் குடிக்க முக்கா மணி நேரம், தோள்ல போட்டுத் தட்ட கால் மணி நேரம், துணி மாத்த ஒரு பத்து நிமிஷம், அப்புறம் கணக்குப் போட்டுப் பாருங்க, மிச்சம் என்ன இருக்கு? நான் பாவம் ரொம்பக் கஷ்டப்பட்டேன். செண்பகமும் பட்டான்னு வைங்க. ஒரு நாள் உலையில அரிசிக்குப் பதிலா சோப்புத்தூளை அளந்துக்கிட்டு நிக்கா. இன்னொரு நாள் தலையில எண்ணெய் தேச்சிக்கிட்டே நின்னுக்கிட்டே தூங்குதா, சீப்பு தலையில நட்டமா நிக்குது. பால் குடுக்கையில கண்ணு சொருகும், திடுக்குனு முழிச்சு பிள்ள எங்க, பிள்ள எங்கன்னு மடியையே தேடுவா. பிள்ள மடியிலதான் இருக்கும்.

பெரிய குழப்பமே என்னன்னா, பிள்ள யாரு பொறுப்புல இருக்குங்கதுதான். அவ நான் பாத்துக்கிடுதேன்னு நினைச்சுப் படுப்பா, நான் அவகிட்ட இருக்குன்னு நினைச்சுக் கடைக்குப் போயிருப்பேன். அப்பதான் நான் ஒரு ஏற்பாடு பண்ணினேன். எங்க வேலையில ஒண்ணு உண்டு. வண்டி வருதுன்னா ஸ்டேஷன்ல இருந்து எனக்குப் போன் வரும், கேட்டைச் சாத்துன்னு. சாத்திப் பூட்டிட்டு நான் ஒரு நம்பர் சொல்லணும். பிரைவேட் நம்பர்னு பேரு. அச்சடிச்ச தாள் ஒண்ணு குடுத்திருப்பாவ, அதுல உள்ள ரெண்டு இலக்க நம்பர்ல அடுத்தது எதுவோ அதைச் சொல்லி, கோடு போட்டு அடிச்சிரணும். ஒரு தடவை சொன்ன நம்பரை மறுபடி சொல்லப்படாது. நான் நம்பர் குடுத்தாச்சுன்னா கேட் பூட்டியாச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம்தான் வண்டிய விடுவாவ. சும்மா ஆமா பூட்டிட்டேன்னு சொன்னா செல்லாது.

இதையே வீட்டுக்குக் கொண்டாந்தேன். தினசரிக் காலண்டர் தாளைக் கிழிச்சு, பின்னால நூறு நம்பர் எழுதினேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவளுக்கு. பிள்ளைய வாங்கிக்கிட்டவங்க நம்பர் சொல்லணும். "பிள்ள உங்ககிட்ட இருக்கா?"ம்பா. "இருக்கு, நாப்பத்தேழு"ம்பேன். அவ நாப்பத்தேழை அடிச்சிட்டுப் போய்ப் படுத்துருவா. முதல் நாளு விழுந்து விழுந்து சிரிச்சா. பிரசவத்துக்குப் பொறவு அவ அப்படிச் சிரிச்சு அன்னிக்குதான் பாத்தேன். அக்கம்பக்கத்துல எல்லாருக்கும் வேடிக்கை. பாத்ரூமுக்குள்ள இருந்து நான் நம்பர் கத்துவேன், எதுத்த வீட்டு அக்கா ஜன்னல்ல நின்னு, "என்ன நாயகம், வண்டி வருதா?"ம்பாவ. ஆனா பாத்துக்கிடுங்க, முறை நல்ல முறை. மூணு வாரம் கடிகாரம் மாதிரி ஓடுச்சு. அவளும் ஒரு ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம்னு சேந்தாப்புல உறங்குனா. மூஞ்சியில ஒரு தெளிச்சி வந்துச்சு.

எங்க விட்டேன்? ஆமா, மூணு வாரம். அதுக்குப் பொறவு ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். நான் ராத்திரி டியூட்டி பாத்துட்டு வந்து, சோறு வாங்கப் போயி, துணி அலசிப் போட்டு, பிள்ளைய வாங்கி நெஞ்சுல போட்டுக்கிட்டு சோபாவுல உக்காந்தேன். ஃபேன் ஓடுது. பாயில போட்டுப் பாத்தேன் அண்ணாச்சி, சத்தியமாப் போட்டேன், அழுதா. சரி, ஒரு பத்து நிமிஷம் நெஞ்சுல கெடக்கட்டும்னு தூக்கினேன். செண்பகம் உள் ரூம்ல படுத்திருந்தா. உள்ள இருந்து கேட்டா, பிள்ள உங்ககிட்ட இருக்கான்னு. நான் சொன்னேன், "இருக்கு, அறுவத்திமூணு."

அவ தாளை எடுத்து அறுவத்திமூணை அடிக்கப் போயிருக்கா. பாத்தா, அது ஏற்கனவே அடிச்சுக் கெடக்கு. வியாழக்கிழமையே நான் அந்த நம்பரைக் குடுத்தாச்சு. என்ன இந்த மனுஷன் பழைய நம்பரைச் சொல்லுதாரு, இவரு போட்ட சட்டத்த இவரே மீறுதாரான்னு, என்கிட்ட சண்டை போடத்தான் எந்திரிச்சு வந்திருக்கா. சண்டை போடத்தான் அண்ணாச்சி. கையில தாளோட வந்திருக்கா.

நான் சோபாவுல ஒரு பக்கமா சாஞ்சு, வாயைப் பொளந்துக்கிட்டு கண்ணை மூடியிருந்திருக்கேன். பிள்ள நெஞ்சுல இல்ல. சரிஞ்சு, என் வெலாவுக்கும் சோபாக் கைப்பிடிக்கும் நடுவுல போயி, மூஞ்சி குஷன்ல அமுங்கிக் கெடந்திருக்கு. சத்தமே இல்ல. எனக்கு முதல்ல கேட்டது செண்பகம் போட்ட சத்தம்தான். கண்ணைத் தொறந்தா அவ கையில பிள்ள இருக்கு, பிள்ள மூஞ்சி ஒரு மாதிரி கருநீலமா இருக்கு. அவ முதுகத் தடவுதா, பேரைச் சொல்லிக் கூப்பிடுதா. எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியாது. அப்புறம் பிள்ள ஒரு மூச்சு இழுத்து அழுதா பாருங்க. அந்த அழுகையக் கேட்டதும்தான் எனக்கு உசிரு திரும்பி வந்துச்சு. அதுக்கு முன்னால அந்தக் கொஞ்ச நேரம் நான் மனுஷனா இல்ல.

ஆட்டோ பிடிச்சு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ராத்திரி பூரா வச்சுப் பாத்தாவ. ஒண்ணுமில்ல, நல்லா இருக்கு, நேரத்துக்குப் பாத்துட்டீங்கன்னாவ. செண்பகம் அந்தத் தாளை மட்டும் கசக்கிக் கையிலயே வச்சிருந்தா.

இப்ப நீங்க ஒண்ணு கவனிக்கணும். பிள்ளையக் காப்பாத்தினது எது? அந்த நம்பர்தான். நான் பழைய நம்பர் குடுத்ததுனாலதான் அவ எந்திரிச்சு வந்தா. முறை போட்டது யாரு? நான். இதை நான் அவகிட்ட எடுத்துச் சொன்னேன். நியாயமான பேச்சுதான? அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. சோத்துத் தட்டை வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டேன்.

என்ன கேட்டீங்க? தூங்கிட்டேனா? இல்ல அண்ணாச்சி, அது தூக்கம் இல்ல. நம்பர் சொல்லியிருக்கேன்லா. தூங்குதவன் நம்பர் சொல்லுவானா? கொஞ்சம் கண்ணு அசந்துச்சு. ஃபேன் காத்து. ராத்திரி டியூட்டி. மத்தியானச் சோறு. எல்லாம் சேந்து ஒரு... ஒரு கிறக்கம். அதைத் தூக்கம்னு சொல்ல முடியாது. இதைத்தான் இவளும் ஒத்துக்கிட மாட்டேங்குதா.

அன்னியில இருந்து இருபத்தாறு நாள். பிள்ளைய என்கிட்டக் குடுப்பா, குடுக்க மாட்டேன்னு சொல்லல. ஆனா குடுத்துட்டு எதுக்க உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பா. நீ போய்ப் படுன்னா, படுக்கேன் படுக்கேன்பா, படுக்க மாட்டா. பிள்ள பாயில உறங்கும், இவ பக்கத்துல முழங்காலைக் கட்டிக்கிட்டு உக்காந்து அது வயிறு ஏறி எறங்குதான்னு பாத்துக்கிட்டு இருப்பா. நான் டியூட்டிக்குப் போயிட்டாலும் அதே கதிதான். அங்கங்க ஒரு அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம் தலை தொங்கும், திடுக்குனு நிமிர்ந்துக்கிடும். மெலிஞ்சு போயிட்டா. கண்ணுக்குக் கீழ கருவளையம். போன வாரம் பக்கத்துத் தெருவுக்குப் போனவ வீட்டுக்கு வர வழி தெரியாம நின்னுருக்கா. எனக்குப் பயம் வந்துட்டு அண்ணாச்சி. பிள்ள பிழைச்சுக்கிட்டு, தாய் விழுந்துருவா போலயேன்னு பயம்.

நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்தேன். ரெண்டு வருஷம் முன்னால, கவனமா வேலை பாத்ததுக்கு மேடையில கூப்பிட்டு ஒரு சர்டிபிகேட் குடுத்தாவ. அதைப் பிரேம் போட்டுப் பிள்ள படுக்கிற செவுத்துல மாட்டினேன். சோபாவைத் தூக்கி எதுத்த வீட்டு அக்காவுக்கே குடுத்துட்டேன். பிள்ளைய வச்சிக்கிட்டு நின்னுக்கிட்டே இருந்தேன், நடந்துக்கிட்டே இருந்தேன். பாயில போட்டு அழுதாலும் பரவாயில்லைன்னு பக்கத்துல உக்காந்து தட்டிப் பழக்கினேன். அதுல பாருங்க, நாலு நாள்ல பாயில உறங்கப் பழகிட்டா. கெட்டிக்காரி. இவ்வளவும் பண்ணிட்டு, இன்னும் என்ன பண்ணணும்னு சொல்லுன்னு கேட்டேன்.

அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? "எனக்கு சர்டிபிகேட் வேண்டாம். 'செண்பகம், எனக்குத் தூக்கம் வருது, பிள்ளையப் பிடி'ன்னு உங்க வாயால ஒரே ஒரு தடவை சொல்லுங்க. அன்னிக்கு நான் நிம்மதியா உறங்குவேன்"ன்னா.

இது என்ன நியாயம் அண்ணாச்சி? எனக்குத் தூக்கம் வந்தாத்தான சொல்லுதது? வராத தூக்கத்தை வருதுன்னு பொய் சொல்லச் சொல்லுதா. பதினோரு வருஷத்துல அந்த வார்த்தை என் வாயில வந்தது கிடையாது. ஒரு கேட் கீப்பர் தூக்கம் வருதுன்னு சொன்னா, அவன் என்ன கேட் கீப்பர்? நீங்களே சொல்லுங்க. முழிச்சிருக்கவனத்தான நம்பணும்? இவ தலைகீழா, தூக்கம் வருதுன்னு சொல்லுதவனைத்தான் நம்புவேங்கா. பொம்பளைக புத்தி நமக்கு எங்க புரியுது. சண்டையே வந்துட்டு. மூணு நாள் பேசல.

ஆனா இன்னிக்குப் பாருங்க. காலையில இங்க வந்து உக்காந்தோம். ஊசி அட்டையைத் தேடணும், கொஞ்சம் பிள்ளையப் பிடிங்கன்னு என் கையில குடுத்தா. அட்டை எடுத்தா. அப்புறம் நான் திரும்பிப் பாக்கேன், கண்ணை மூடி இப்படியே சாஞ்சிருக்கா. பிள்ள என் கையில இருக்கு, அவ தூங்குதா. எனக்கு அப்படியே எந்திரிச்சு நின்னு ஊருக்கெல்லாம் சொல்லணும் போல இருந்துச்சு. பாத்தீங்களா, கடைசியில யாரு சொன்னது நடந்துச்சு? நான் அந்த வார்த்தையச் சொல்லவே இல்ல. முழிச்சிருக்கவன்னு என்னைய நம்பிட்டாள்லா? அதனாலதான் அண்ணாச்சி, அந்தப் பக்கம் பாட்டுப் போட்டிருந்த பயலையும் நிறுத்தச் சொன்னேன். அந்த அம்மாவையும் பையப் பேசச் சொன்னேன். அவ எவ்வளவு நேரம் உறங்குதாளோ அவ்வளவு நேரம் உறங்கட்டும். நான் இருக்கேன்.

இந்தக் காத்து நல்லா இருக்குல்லா. வேப்ப மரத்துக் காத்து. ஃபேன் காத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னா, இது வந்து... எங்க விட்டேன்? வெள்ளிக்கிழமை. இல்ல, அதைச் சொல்லியாச்சு. சர்டிபிகேட்டு. அதையும் சொல்லியாச்சு. நீங்க என்னமோ கேட்டீங்களே. பிள்ள பேரா?

எழுவத்திரெண்டு.

என்ன அண்ணாச்சி, அப்படிப் பாக்கீங்க? என்ன சொன்னேன்? நம்பரா சொன்னேன்? பிள்ள பேரைக் கேட்டீங்க, நான் நம்பரைச் சொன்னேனா?

இல்லையே. நான் உங்களத்தான பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க வெள்ளைச் சட்டை போட்டு... நீலமா? நீலச் சட்டைதான் போட்டிருக்கீங்க. ஆமா.

அன்னிக்கும் இப்படித்தான் சொல்லியிருப்பேன். கண்ணு தொறந்து இருந்துச்சோ, மூடி இருந்துச்சோ, எனக்கே தெரியாம. வாய் பாட்டுக்கு நம்பர் சொல்லியிருக்கு. இப்ப கை எங்க இருக்கு பாருங்க, கழுத்துக்குக் கீழ இருந்த கை எறங்கி, பிள்ள தலை என் வயித்துப் பக்கம் சாஞ்சு கெடக்கு. நீங்க கேக்கலன்னா... மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு. நல்லா உறங்குதா.

ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. நான் யாருகிட்டயும் சொன்னது கிடையாது. எனக்குத் தூக்கம் வருது. ரெண்டரை மாசமாத் தூக்கம் வருது. டியூட்டியில நின்னுக்கிட்டே இருக்கேன், உக்காந்தா போயிருமோன்னு நின்னுக்கிட்டே இருக்கேன். உங்ககிட்ட இவ்வளவு நேரம் வாய் ஓயாமப் பேசுதேனே, அதும் அதுக்குத்தான். பேச்சை நிறுத்தினா கண்ணு சொருகுது. இந்தாங்க, பிள்ளைய ஒரு அஞ்சு நிமிஷம் பிடிங்க. ரெண்டு கையும் குடுங்க. தலைக்குக் கீழ ஒரு கை. ஆங், அப்படித்தான். மூஞ்சி மேல பாத்து இருக்கட்டும், துணி மூக்குல படாம. அவ்வளவுதான். இப்ப பிள்ள உங்ககிட்ட இருக்கு.

என்ன செண்பகம்? முழிச்சாச்சா? முழிச்சே... எப்ப இருந்து முழிச்சிருக்க? கண்ணையே மூடலியா நீ? அப்ப இவ்வளவு நேரமும் கேட்டுக்கிட்டா இருந்த? சோப்புத்தூள் கதையும் கேட்டியா? சரி, அது உண்மைதான. என்ன? இன்னொரு தடவையா? இங்க வச்சா? ஆளுக இருக்காவ செண்பகம்.

எனக்குத் தூக்கம் வருது. பிள்ளைய இந்த அண்ணாச்சிகிட்டக் குடுத்திருக்கேன். போதுமா?

சிரிக்கா பாருங்க. கண்ணுல தண்ணியும் வருது, சிரிக்கவும் செய்யுதா. ஏ, அழாத. பிள்ளைய வாங்கணுமா? வேண்டாமா? அங்கேயே இருக்கட்டுமா? சரி, காலை நீட்டிக்கோ. இந்தப் பையைத் தலைக்கு வச்சுக்கோ, உனக்குத் தலையணை வைக்கலாம், நர்ஸம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாவ. அந்த ஓரத்துல கொஞ்சம் நகந்துக்கிடுங்கம்மா, என் வீட்டுக்காரி படுக்கட்டும். ஆமாம்மா, ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. தூக்கம்தான்.

கேக்குதா அண்ணாச்சி? கொறட்டை. கல்யாணம் ஆகி மூணு வருஷத்துல இவ கொறட்டை விட்டு நான் கேட்டது இல்ல. தலைய வச்சதும் போயிட்டா பாருங்க. நான் என்னமோ சொன்னேன், அவ என்னமோ உறங்கிட்டா. இதுல என்ன சூத்திரம் இருக்கோ, எனக்கு ஒண்ணும் விளங்கல.

சரி, நான் அந்தக் குழாய்ல மூஞ்சியக் கழுவி, ஒரு டீயும் குடிச்சிட்டு ஓடி வந்துருதேன். அது வரைக்கும் பிள்ள உங்க பொறுப்பு. நம்பர் எல்லாம் ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஒண்ணே ஒண்ணு அண்ணாச்சி. நீங்களும் நாப்பத்தஞ்சு நாள் பிள்ளைக்கு அப்பன்தான. கொஞ்சம் என் மூஞ்சியப் பாத்து உண்மையச் சொல்லுங்க. உங்களுக்குத் தூக்கம் வருதா?